பார்க்காமல் சொன்ன ஹாஜர்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்று தடவை ஆரம்பித்தேன், மூன்று தடவையும் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன். அடுத்தவரைக் கலாய்த்த கதை என்றால் ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். இது நான் அசிங்கப்பட்ட கதை. கை வர மாட்டேன் என்கிறது.

போன வருஷம் வெயில் காலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். மைசூரு ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் சர்வர் ரூம். நான் பியுசி, அதாவது ப்ளஸ் டூ, ஃபெயில். கேபிள் இழுக்க வந்து, அப்படியே அந்த ரூமில் ஒட்டிக்கொண்டவன். என்னோடு வேலை பார்த்த அக்கா தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்துக்காரர். மூன்று வருஷமாக கான்ட்ராக்ட். திங்கட்கிழமை மேலே போகப்போகும் பெர்மனென்ட் லிஸ்டில் அவர் பெயர் இருக்கிறது என்று மேனேஜரே சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் அக்கா கேசரி கொண்டு வந்திருந்தார். பாதியைத் தின்றது நான்தான்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் எல்லாத் தகவலும் ஸ்டோரேஜ் என்கிற பெரிய பெட்டியில் இருக்கும். எந்த சர்வர் அந்தப் பெட்டியோடு பேசலாம் என்று நடுவில் இருக்கும் சுவிட்ச் என்கிற கருவியில் ஒரு பட்டியல் எழுதி வைப்போம். அதற்குப் பெயர் சோனிங். கம்பெனி பஸ் டிரைவர் கையில் இருக்கிற லிஸ்ட் மாதிரி. பெயர் இல்லையென்றால் ஏற முடியாது. இங்கே பெயருக்குப் பதில், கேபிள் செருகுகிற ஒவ்வொரு கார்டுக்கும் பதினாறு இலக்க நம்பர். ஒரே ஒரு இலக்கம் மாறினாலும் பேச்சுவார்த்தை கிடையாது. போகிற வழி இரண்டு, ஏ சைடு, பி சைடு. ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும். அதனால் ஏ சைடில் வேலையை முடித்து, அது உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பி சைடைத் தொடலாம்.

அன்றைக்கு ஸ்டோரேஜில் இரண்டு சைடு கார்டையும் மாற்ற வேண்டும். ஷிப்ட் மாறுவதற்குள் முடிக்க வேண்டும். ஏ சைடில் புதுக் கார்டைப் போட்டு, அதன் ஸ்டிக்கரில் இருந்த நம்பரை நான் படித்தேன், அக்கா அடித்தார். பிறகு அவர் ஸ்க்ரீனைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் படிக்க, நான் ஸ்டிக்கரோடு ஒத்துப்பார்க்க வேண்டும். நான் படித்த கன்னடப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் கூப்பிட்டால் ‘ஹாஜர்’ என்போம். அது ஞாபகம் வந்துவிட்டது. ஆபீஸ் குரூப்பில் போட்டுச் சிரிக்கலாமே என்று போனை எடுத்து அக்கா முகத்துக்கு நேராக வீடியோவை ஓடவிட்டேன்.

“அஞ்சு.”

“ஹாஜர் அக்கா!”

“சைபர்.”

“ஹாஜர்!”

“வெளையாடாத சாமி. ஸ்டிக்கரப் பாத்துச் சொல்லு.”

“பாத்துட்டேதான் இருக்கேன் அக்கோவ். ஹெட்மிஸ் மாதிரி கூப்புடுங்க, சீக்கிரம், பேகா பேகா!”

பதினாறுக்கும் ஹாஜர் சொன்னேன். ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே சுவிட்சில் பட்டியலை ஓடவிட்டார்.

“ஏ சைடு வந்திருச்சான்னு சர்வர் ஸ்க்ரீன்ல போயிப் பாரு.”

அந்த ஸ்க்ரீன் ரூமின் அந்தக் கோடியில் இருந்தது. நான் போகவில்லை. பக்கத்திலேயே புதுக் கார்டில் லைட் எரிந்தது. “பச்சப் பசேல்னு இருக்கு, வந்துடுச்சு” என்றேன். கேபிளைச் சரியாகச் செருகினாலே அந்த லைட் பச்சையாகிவிடும், பட்டியலில் நம்பர் தப்பாக இருந்தாலும் பச்சையாகவேதான் எரியும். இது எனக்குத் தெரியாததல்ல.

பி சைடு கார்டை உருவினேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கேட் திறக்கவில்லை, ஜனமெல்லாம் நிற்கிறது என்று செக்யூரிட்டி கன்னடத்தில் கத்தினார். “கேட் ஓப்பன் ஆக்தா இல்லா! ஜன எல்லா நிந்திதாரே!”

கேட் திறக்கிற மெஷினுக்கும் தகவல் வரவேண்டியது அந்தப் பெட்டியிலிருந்துதான். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பஸ்ஸில் வந்திறங்கிய செகண்ட் ஷிப்ட் ஆட்கள் வெளியே வெயிலில். வீட்டுக்குப் போகவேண்டியவர்கள் உள்ளே. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு எத்தனையோ பெண்கள். அக்கா என்னைத் திட்டவில்லை. ஓடி வந்து பழைய பி கார்டைத் திரும்பச் செருகினார். எல்லாம் எழுந்து கேட் திறக்க ஒரு மணி நேரம் ஆனது. ஏ சைடு நம்பரில் இரண்டு இலக்கம் முன்பின்னாக இருந்தது அப்போதுதான் தெரிந்தது. தப்பாகப் படித்தது நானா, தப்பாக அடித்தது அவரா, இன்றுவரை தெரியாது. பார்த்துச் சொல்லவேண்டியவன் நான்.

யார் சரிபார்த்தது என்று மேனேஜர் கேட்டார்.

“நான் கரெக்டாத்தான் பாத்தேன் சார். டைப் பண்ணது அக்கா.”

வாய் அதுவாகவே சொல்லிவிட்டது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன். “நானே போயி ஒருக்காப் பாத்திருக்கோணும் சார்” என்றார். அவ்வளவுதான். இந்த நேரத்தில் அவர் பெயரை லிஸ்டில் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் அந்த வீடியோவைப் பார்த்தேன். ‘ஸ்டிக்கரப் பாத்துச் சொல்லு’ என்று அக்கா கெஞ்சுவது, நான் கெக்கலிப்பது, எல்லாம் தெளிவாக இருந்தது. அழிக்கப் போனேன். விரல் வைத்தேன், எடுத்தேன். அழிக்கவில்லை, அதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் ரூம் வாசல்வரை போனேன். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று திரும்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமைதான் உள்ளே போய் வீடியோவைக் காட்டினேன். அவர் முழுசாகப் பார்த்தார். லிஸ்ட் நேற்றே போய்விட்டது என்றார். என்னை ஒரு மாதம் சர்வர் ரூம் பக்கமே வரக்கூடாது என்று கேன்டீனில் கேபிள் இழுக்கப் போட்டார். அது எனக்குத் தண்டனையாகவே தெரியவில்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு, “கேசரியையாச்சும் நானே முழுசாத் தின்னிருக்கலாம்” என்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அக்கா இன்னும் கான்ட்ராக்ட்தான். நாங்கள் இன்னும் ஒன்றாகத்தான் வேலை பார்க்கிறோம், இப்போது எனக்கு இருக்கிற உருப்படியான சிநேகிதி அவர்தான். நம்பர் படிக்கும்போது ஒவ்வொரு இலக்கத்தின் மேலும் விரலை வைத்து, அந்த இலக்கத்தையே திருப்பிச் சொல்கிறேன். கலாய்ப்பதை இன்னும் விடவில்லை. ஆனால் ஒருத்தர் என்னை நம்பி ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்கு முன் இப்போதும் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றவர்கள் கண்ணில் வருகிறார்கள்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் அக்காவுக்கு வாட்ஸப்பில் போட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது:

“பாத்து எழுதுனியா, இல்ல இதுக்கும் ஹாஜர்தானா?”