அட்மிஷன் மேனேஜர் சண்முகசுந்தரம்

சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்து அரசுப் பள்ளியின் கடைசி பெஞ்சில் டில்லிபாபு இரண்டு வருடமாகக் குடியிருந்தான். வாடகை கேட்காதது அரசாங்கத்தின் பெருந்தன்மை. பிளஸ் டூ படிக்கிறான் என்பது அவன் அம்மா சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். இயற்பியல் ரெக்கார்டு நோட்டைக் கூடப் படிக்கும் செந்தாமரையிடம் வாங்கிக் காப்பி அடித்தபோது முதல் பக்கத்தில் அவள் பெயரையும் சேர்த்துக் காப்பி அடித்துக் கொடுத்தவன் அவன்.

அவனிடம் இருந்த ஒரே சொத்து குரல். யார் குரலும் அவன் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை ஹெட்மாஸ்டர் குரலில் ஜன்னலுக்கு வெளியே நின்று பதினோராம் வகுப்பு முழுவதற்கும் அரைநாள் லீவு விட்டிருக்கிறான். உண்மையான ஹெட்மாஸ்டர் எதிரே வந்தபோது பிள்ளைகள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

மார்ச் மாதம் பரீட்சை வந்தது. பரீட்சையோடு காலேஜ்காரர்களும் வந்தார்கள். பள்ளி வாசலில் நின்று காலேஜ் பேர் போட்ட பரீட்சை அட்டையும் பேனாவும் கொடுத்தார்கள். பரீட்சை எழுதப் போகிறவனைவிட அட்டை கொடுக்கிறவன் முகத்தில்தான் பதற்றம் அதிகம். அதோடு விடவில்லை. பெற்றவர்களின் போன் நம்பர் எப்படியோ கிடைத்து, நேரம் காலம் இல்லாமல் கூப்பிட்டார்கள். "வணக்கம் சார், உங்க சன் பிளஸ் டூ தானே?"

இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு டில்லிபாபுவால் சும்மா இருக்க முடியுமா? நண்பன் ஜோயலிடம் ஒரு பழைய போன் இருந்தது. ஹைவேயில் குடை போட்டு விற்றவனிடம் ஒரு சிம் வாங்கினார்கள். 'ஸ்ரீ ககன்மகால் இன்ஸ்டிடியூட்' என்று ஒரு காலேஜைத் தண்டலத்துக்குப் பின்பக்கம் கட்டி முடித்தார்கள். கட்ட ஐந்து நிமிடம் ஆனது. கூப்பிடுகிறவர் பெயர் 'அட்மிஷன் மேனேஜர் சண்முகசுந்தரம்' என்று எதிர்முனையில் தெரியும்படி ஜோயல் ஏதோ செய்துவைத்தான்.

சண்முகசுந்தரம் சார் வாக்கியத்துக்கு ஒரு 'ஆக்சுவலா' போடுவார். முதல் வருடம் லேப்டாப், இரண்டாம் வருடம் ஸ்கூட்டி, கடைசி வருடம் ஏரோப்ளேன் தருவார். கூடப் படிக்கும் ஒருவனின் அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க தெரு சின்னது சார், ஏரோப்ளேன எங்க நிறுத்தறது?" என்றார். ஜோயல் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தான்.

தமிழ்ப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் செந்தாமரையின் அப்பா எல்லப்பனைக் கூப்பிட்டார்கள். எல்லப்பன் ஒரகடத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். செந்தாமரை வகுப்பில் முதல் மார்க். ஊர் முறைப்படி எல்லப்பன் டில்லிபாபுவுக்கு மாமா. பாடத்தில் எதை மறந்தாலும் இந்த முறையை மட்டும் அவன் மறந்ததே இல்லை.

"வணக்கம் சார். ககன்மகால்லேர்ந்து சண்முகசுந்தரம் பேசறேன். ஆக்சுவலா உங்க டாட்டர்…"

"ஒரு நிமிசம் சார். லாரி போவுது. ஓரமா வந்துர்றேன்."

அதுவரை எந்தத் தகப்பனும் ஓரமாக வந்து பேசியதில்லை. டில்லிபாபு லேப்டாப், ஸ்கூட்டி, ஏரோப்ளேன் எல்லாம் கொடுத்து முடித்தான். எல்லப்பன் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"அதெல்லாம் வாணாம் சார். ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்காதீங்க. பரீச்ச முடிஞ்ச மறுநாளே பொண்ண கம்பெனி வேலைக்கு வேன்ல ஏத்தறேன்னு, ஆள் எடுக்கற முனிரத்தினம் அண்ணங்கிட்ட ஒத்துக்கினேன். அங்கியே ஹாஸ்டலு, அங்கியே சோறு. கம்பெனிய குத்தம் சொல்ல முடியாது. பொண்ணும் சரின்னுட்டா. ஆனா அன்னிலேர்ந்து புக்க தொறந்து வச்சிக்கினு குந்தினு கீறா சார். பக்கம் திரும்ப மாட்டேங்குது. நானும் பாத்துக்கினேதான் கீறேன். இதுக்கு இன்னா சார் அர்த்தம்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

டில்லிபாபுவைப் படித்தவர் என்று சொன்ன முதல் ஆள் எல்லப்பன். வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்த ஜோயல் சிரிப்பை நிறுத்தினான். போனை வை என்று சைகை காட்டினான். வைத்திருக்கலாம். டில்லிபாபு வைக்கவில்லை.

"சார்… ஆக்சுவலா, கவர்மெண்ட் ஸ்கூல் பசங்களுக்குக் கவுன்சிலிங்ல தனி ஒதுக்கீடு இருக்கு. அதுல இன்ஜினியரிங் சீட் கெடச்சா ஃபீஸ கவர்மெண்ட்டே கட்டும்."

மஞ்சுளா டீச்சர் வகுப்பில் சொன்னது. அரைத் தூக்கத்தில் கேட்டது எப்படியோ மண்டையில் ஒட்டியிருந்தது.

"நெஜமாவா சார்?" எல்லப்பன் கொஞ்சம் யோசித்தார். "கவர்மெண்ட்டு கட்டுதுன்னா, இத எங்கிட்ட சொல்றதுல உங்களுக்கு இன்னா லாபம்?"

"எங்களுக்கு… சர்வீஸ் சார்" என்றார் சண்முகசுந்தரம்.

அதற்குப் பிறகு கூப்பிட்டதெல்லாம் எல்லப்பன்தான். ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் முதல் அழைப்பு சாருக்கு. எப்போது அப்ளிகேஷன் போடணும்? என்னென்ன சர்டிபிகேட்? பதில் தெரியாமல் டில்லிபாபு "நாளைக்குச் சொல்றேன் சார்" என்பான். மறுநாள் பள்ளிக்குப் போய் மஞ்சுளா டீச்சரைத் துரத்துவான். இரண்டு வருடத்தில் ஒரு கேள்வி கேட்காதவன் ஒரே வாரத்தில் ஒன்பது கேள்வி கேட்டதும், டீச்சர் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"சார், பொண்ணு மெக்கானிக்கல் படிக்கணும்ன்னுது. சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கிறவனுக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியாது சார்."

எல்லப்பன் முதல்முறையாகச் சிரித்தார். டில்லிபாபுவுக்கு அது என்னவோபோல் இருந்தது. அடுத்தவரைச் சிரிக்கவைத்ததற்குக் கூச்சப்பட்டது அவன் சரித்திரத்தில் அதுதான் முதல்முறை.

திங்கட்கிழமை இயற்பியல். வியாழக்கிழமை கடைசிப் பரீட்சை. வெள்ளிக்கிழமை காலை வேன். நிலைமை இப்படி இருக்கும்போது சனிக்கிழமை எல்லப்பன் கூப்பிட்டார்.

"சார், நாளைக்கு ஓவர்டைம் வாணாம்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்ட்டேன். உங்க காலேஜுக்கு நேர்ல வரேன்."

"நாளைக்கு நான் லீவு சார்."

"பரவால்ல சார். கேட்ட பாத்தா போதும். இவ்ளோ சொல்ற மனுசன் வேல செய்யற எடம் எப்டி கீதுன்னு ஒரு தபா பாத்துட்டேன்னா, முனிரத்தினம் அண்ணங்கிட்ட தெகிரியமா பேசிருவேன்."

போனை வைத்ததும் ஜோயல், "வுட்ரு மச்சி. சிம்ம ஒடச்சி போட்ரு. அவ்ளோதான்" என்றான்.

அவ்வளவுதானா? தண்டலத்தில் அப்படி ஒரு காலேஜ் இல்லை என்று தெரிந்தால், அந்த மேனேஜர் சொன்ன ஒதுக்கீடும் இல்லை என்றுதான் எல்லப்பன் நினைப்பார். நிஜமும் பொய்யோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். வெள்ளிக்கிழமை செந்தாமரை வேனில் ஏறிவிடுவாள். யாரையும் குறை சொல்ல மாட்டாள். அதுதான் டில்லிபாபுவுக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இயற்பியல் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பஸ் ஏறினான். படிப்பதற்காக அல்ல, வீட்டில் கேட்டால் காட்டுவதற்கு. தண்டலத்தில் இறங்கினால் பார்க்கிற பக்கமெல்லாம் காலேஜ் போர்டு. பஸ் நிறுத்தத்து நிழலில் எல்லப்பன் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். வெயிலில் நடந்து முகம் கறுத்திருந்தது. டில்லிபாபு அவருக்குப் பின்னால் பத்தடியில் நின்று, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தான்.

எல்லப்பன் போனை எடுத்து ஒரு நம்பரைத் தட்டினார்.

டில்லிபாபுவின் பாக்கெட்டில் ஆட்டுக்குட்டி கத்தியது. ஜோயல் வைத்த ரிங்டோன். அமுக்க அமுக்க அது நிற்கவில்லை. எல்லப்பன் திரும்பினார். தன் போனைப் பார்த்தார். கத்துகிற பாக்கெட்டைப் பார்த்தார். போனை நிறுத்தினார். ஆடும் நின்றது.

"நீயாடா?"

"நான்தான் மாமா."

ஓங்கிய கை காதுவரை வந்து அங்கேயே நின்றது.

"எத்தினி கேட்டுல போயி கேட்டேன் தெரிமா? ஒரு வாட்ச்மேன் சொல்றான், ககன்மகாலா, அது கல்யாண மண்டபம் பேராச்சேன்னு. இன்னொருத்தன் எனக்கு தண்ணி குட்த்து குந்த வச்சான். பைத்தியம்னு நெனச்சிக்கினான்டா."

டில்லிபாபுவுக்கு அந்த நேரத்தில்கூடச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான். கடித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அப்போ கவர்மெண்ட்டு ஃபீஸ் கட்டும்ன்றதும் பொய்யி."

"அது நெஜம் மாமா! காலேஜ் பொய்யி, நான் பொய்யி. மத்தது அத்தினியும் மஞ்சுளா டீச்சர் சொன்னது."

"நெஜம்னா உங்கொரல்லயே வந்து சொல்றதுக்கு இன்னா?"

"எங்கொரல்ல சொன்னா நீ கேட்டிருப்பியா? போன மாசம் உங்க வூட்டாண்ட பாம்புன்னு கத்தனேன். நெஜப் பாம்பு. ஒருத்தராவது வெளிய வந்தீங்களா?"

இரண்டு பஸ் வந்து போனது. பிறகு எல்லப்பன் தன் போனை நீட்டினார். "டீச்சர் நம்பர் போடு."

டீச்சரிடம் அவர் பேசியது முழுவதும் "ம்", "சரிங்க மேடம்"தான். எதிர்முனையில் டீச்சர் நிறையப் பேசினார். கடைசியில் ஏதோ கேட்டார் போலிருக்கிறது. எல்லப்பன் டில்லிபாபுவை ஓரக்கண்ணால் பார்த்தார். "காலேஜ் மேனேஜர் ஒருத்தரு சொன்னாரு மேடம். நல்ல மனுசன்."

டில்லிபாபு தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்து முனிரத்தினத்தைக் கூப்பிட்டார். "அண்ணே, எல்லப்பன். வெள்ளிக்கெயம பொண்ணு வரல."

எதிர்முனைச் சத்தம் டில்லிபாபுவுக்கே கேட்டது. "இன்னாப்பா வெளாடறியா? லிஸ்ட்டு குட்த்தாச்சி. உன் வார்த்தய நம்பித்தானே பேர சேத்தேன்? நாளைக்கி சீட்டு கெடைக்கலன்னு எங்கிட்ட வந்து நிக்காத."

எல்லப்பன் போனை இன்னொரு கையாலும் சேர்த்துப் பிடித்தார். ஃபோர்க்லிஃப்ட்டில் இரண்டு டன் தூக்குகிற கை. "கெடைக்கும்ண்ணே. கெடைக்கலன்னாலும் படிக்கத்தான் போவுது. வெச்சிர்றேன்ண்ணே." வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். "எம்மேல தப்புதான். வாக்கு குட்த்துட்டு மாறக் கூடாது. மாறிட்டேன், இன்னா இப்போ."

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட். ஜன்னலோரம் எல்லப்பன்.

"பரீச்ச முடிஞ்சி நீ இன்னா பண்ணப்போற?"

"பாஸானா பாக்கலாம் மாமா."

எல்லப்பன் ஃபைலைத் திறந்து, பின் அடித்து மூடிய ஒரு தாளை எடுத்தார். "பொண்ணு குட்த்துது. சாருகிட்டயே குடுக்கணும், நீ படிக்கக் கூடாதுன்னுட்டா. நீதானே சாரு, இந்தா."

டில்லிபாபு பின்னைப் பிரித்தான். செந்தாமரையின் குண்டு குண்டான கையெழுத்து. 'சாருக்குச் சில சந்தேகங்கள்.' ஹாஸ்டல் செலவையும் அரசே ஏற்குமா? வேறு மாவட்டக் காலேஜ் கேட்கலாமா? முதல் சுற்றில் வேண்டியது கிடைக்காவிட்டால் என்ன செய்வது? இப்படி ஆறு. ஏழாவதை இரண்டு தடவை படித்தான்.

'7. ஆக்சுவலா, சாருக்கு நாளைக்கு இயற்பியல் பரீட்சை இருக்கிறதே. ஏதாவது படித்தாரா?'

காது இரண்டும் சூடானது. எவ்வளவு நாளாகத் தெரியும் இவளுக்கு? தெரிந்துகொண்டேதான் அப்பாவைப் பேசவிட்டாளா?

"இன்னாடா எய்தியிருக்குது?"

"டவுட்டு மாமா. ஆறுக்கு டீச்சர கேட்டா பதில் கெடச்சிரும்."

"மொத்தம் எத்தினி?"

"ஏழு." டில்லிபாபு சட்டைக்குள்ளிருந்த புத்தகத்தை வெளியே எடுத்தான். வியர்வையில் அட்டை நனைந்திருந்தது. "நீ கொஞ்சம் பேசாம வா மாமா."