டீ தட்டு ஏந்திய சார்

துபாய் தேராவில், கட்டட வரைபடம் போடும் ஆபீஸில் நான் டீ போடுகிறேன். அங்கே வரையும் மதுரைக்கார சாருக்கு இந்த ஊர் லைசென்ஸ் இல்லை. சோதனைக்கு ஆள் வந்தால், பிடிபடாமலிருக்க என் மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு டீக்காரராக நிற்பார்.

ஒருநாள் வந்த அதிகாரி அவரிடமே டீ கேட்டார்.

"எப்படிண்ணே கொடுக்கணும்?" என்று என்னிடம் கிசுகிசுத்தார் சார்.

"தட்டை மட்டும் பாருங்க சார். மாட்டுனா ஊருக்கு அனுப்பிருவாங்க."

மேசையில் சார் வரைந்த பள்ளிக்கூட வரைபடம் விரிந்து கிடந்தது. பிரமாதம், யார் போட்டது என்று கேட்டார் அதிகாரி.

"நான்தான்," என்றார் லைசென்ஸ் வைத்திருக்கும் முதலாளி.

சார் குனிந்து, சர்க்கரை வேண்டுமா என்று கேட்டார்.

எல்லோரும் போன பிறகும் அவர் சட்டையைக் கழற்றவில்லை. கிளாஸ்களைக் கழுவினார்.

"விடுங்க சார், நான் கழுவுறேன்."

"சார்னு கூப்பிடாதீங்கண்ணே."

இப்போதும் சோதனை வந்தால் அந்தச் சட்டையில்தான் நிற்கிறார். நான் வாய்க்குள் சார் என்றே கூப்பிடுகிறேன்.