சிவப்புத் தரைக்குத் தேங்காய்ச் சக்கை

எல்லாத் தரையையும் ஒரே தண்ணீரில் துடைக்கிறவளைப் பெண் என்றே ஒப்புக்கொள்ள மாட்டாள் என் அம்மா. தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாவில் தரை துடைப்பது அவள் வேலை. பலகைத் தரையில் தண்ணீர் நின்றால் பலகை உப்பிவிடும், அதற்கு மெழுகுதான். குளியலறையின் வெள்ளைக் கல்லுக்குச் சவர்க்காரம். அதில் புளி பட்டால் பளபளப்பு போச்சு. கூடத்துச் சிவப்புச் சிமெண்டுக்கு மட்டும் பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையைப் போட்டு மட்டையால் தேய்க்க வேண்டும். எட்டு வயதில் இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். என் அலட்டலைக் கேட்கவா வேண்டும்!

அது அவசரகாலம். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். வெள்ளைக்கார ஆட்சியோடு சண்டை போட்டுக் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். ஒரு பிடி அரிசியோடு வெளியே போய் அகப்பட்டாலும் ஜெயில்தான். அம்மாவின் சக்கைத் தகரம் மட்டும் பழகிய காவலர்களிடம் தப்பித்துவந்தது.

அன்று பள்ளி விடுமுறை, நானும் கிளம்பினேன். அம்மா தகரத்தை என் தலையில் ஏற்றினாள். நல்ல கனம். கேட்டில் நின்ற மலாய்க் காவலர் புதியவர்.

“மக்கான்?” என்று தகரத்தைக் காட்டிக் கேட்டார். சாப்பாடா என்கிறார்.

“மக்கான் இல்ல துவான், தரைக்குப் போடறது லா,” என்றாள் அம்மா.

அவர் நம்பவில்லை. அம்மா தகரத்தை இறக்கி, மேலாக ஒரு பிடி அள்ளி, காவல் கொட்டகையின் சிவப்புப் படியில் மண்டியிட்டுத் தேய்த்தாள். படியில் ஒரு மினுக்கமும் வரவில்லை. எனக்கு மானமே போனது.

“மேல உள்ளது காஞ்சு போச்சும்மா! அடியிலதான் எண்ணெய் நிக்கும்,” என்று சொல்லிக்கொண்டே தகரத்துக்குள் கையை விட்டேன்.

பளார்!

கன்னம் எரிந்தது. அதுவரை அடியென்று என்மேல் ஒரு விரல்கூட வைக்காதவள் அம்மா. தகரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழக்கூட வரவில்லை. காவலரே பதறிப்போனார். பச்சைப் பிள்ளையை இப்படியா அடிப்பது என்று மலாயில் அவளை ஏசிவிட்டு, வழியை விட்டார்.

ரப்பர் மரங்களுக்குள் வந்ததும், “நீ முன்னால போய்க்கிட்டு இரு, வந்துடறேன்,” என்றாள். வந்தபோது தகரத்தை ஒற்றை விரலில் தொங்கவிட்டிருந்தாள். அன்று துரை வீட்டுக் கூடத்துக்கு வெறும் மட்டைதான். இதென்ன அநியாயம் என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் நான்தான் அவளோடு பேசுவதில்லையே! ஒரு வாரம் பேசவில்லை. சோறு ஊட்ட வந்த கையைத் தட்டிவிட்டேன்.

அம்மா இறந்த பதினாறாம் நாள்தான் பெரியம்மா சொன்னாள். பகாவ் டவுனில் ஒரு கடையில் வேலை பார்ப்பதாக எனக்குச் சொல்லப்பட்டிருந்த மாமா, அப்போது காட்டில் காய்ச்சலோடு கிடந்தாராம். சக்கைக்கு அடியில் இருந்தது அவருக்கான அரிசி.

எனக்கென்ன தெரியும்? பிழிந்து போட்ட தேங்காய்ச் சக்கைக்காகப் பெற்ற மகளையே அடித்த கஞ்சப் பிசினாறி என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மாவும் ஆமாம் என்றே சொல்லிவைத்தாள்.