கேமராவுக்கு இடப்பக்கம் ஒரு நீல முக்காலி

வித்துராவில் ஒரு தேநீர்க் கடை முன் வண்டியை நிறுத்திவிட்டு, பொன்முடி மலை மேல் பனி விலகக் காத்திருந்தபோது பகவதி அக்காவின் தம்பி ஃபோனில் கூப்பிட்டார். “அக்கா போயிட்டா அண்ணாச்சி. குளிக்கப் போனவ விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் கழிஞ்சிட்டு.” எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது, அக்காவுக்கு அழப்போகிற அளவுக்கு நான் செத்தால்கூட அவள் அழமாட்டாளே என்ற நினைப்புதான் வந்தது. பொறாமை, வேறென்ன? அக்காவை அறிந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

போர்க்காலத்தை வீட்டுக்குள் இருந்து கடந்த சாதாரண மனிதர்களைப் பற்றிய ஆவணப்படத் தொடரை அக்காவும் நானும் சேர்ந்து எடுத்தோம். கேமரா என்னுடையது, கேள்வி அவருடையது. தளபதிகள் கிடையாது, வரைபடங்கள் கிடையாது. தபாலுக்குக் காத்திருந்த மனைவி, ரேடியோவை அணைக்கச் சொன்ன தகப்பன், இப்படிப்பட்டவர்கள் மட்டுமே. “குண்டு விழுந்த கதையச் சொல்ல ஆளு நிறைய உண்டுடே. கொழம்பு கொதிச்ச கதைக்குத்தான் ஆளில்ல” என்பார்.

குளியலறையில் போடும் நீல நிற பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை எங்கே போனாலும் கொண்டுவருவார். கேமராவுக்கு இடப்பக்கம் அதைப் போட்டு, பேசுகிறவர்களைவிடத் தாழ்வாக உட்காருவார். படத்தில் எல்லோருடைய கண்ணும் கீழ்நோக்கியே தெரிந்தது. நாற்காலி போடட்டுமா என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. “என்னைய மேல இருந்து பாக்கட்டும். அப்பத்தான் அவங்களுக்குப் பயம் போகும், கேட்டியா?” என்றார். தொடர் முழுக்கப் பாருங்கள், ஒருவர்கூட என் பக்கம் பார்த்திருக்கமாட்டார்.

கார்கில் சண்டையின்போது மகனை எல்லையில் விட்டிருந்த ஒரு தாயைப் பார்க்கப் போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்கு முதலில் நான் தனியாகத்தான் போனேன். “சாமி காப்பாத்துச்சுங்க” என்று ஒரே வரியில் முடித்து என்னை அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் அக்கா வந்தார். போரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. “சேதி வராத நாள்ல அடுப்பு பத்த வச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார். “அவன் தட்டுலயும் சோறு போட்டு வப்பேன்மா. பொறவு அதையும் நானே திம்பேன். வீணாக்க முடியுமா?” என்று தொடங்கியவர் சாயங்காலம் வரை பேசினார். அக்காவுக்குச் சூடாக, பால் விடாத கட்டன்சாயா வந்தது. எனக்கு வந்தது ஆறிப்போயிருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது என் அம்மாவின் விஷயம். அப்பா எழுபத்தொன்றாம் வருடப் போரில் இருந்தார் என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. சாலைக் கடைத்தெருவிலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், என் கேமராவுக்கு முன்னால், அம்மா அக்காவைப் பார்த்துச் சொன்னாள்: “தம்பானூர் ரயிலடியில அவுகள அடையாளம் தெரியாம தாண்டிப் போயிட்டேன். வேற ஒரு பட்டாளக்காரனப் பாத்துச் சிரிச்சேன். அவுக அதப் பாத்துட்டே நின்னாக. மெலிஞ்சு, தாடியும், கையில கட்டுமா. அதுக்கப்புறம் அவுக ஒருநாளும் அதப் பத்திக் கேக்கல்ல.”

கேமராவை நிறுத்தாமல் படம் பிடித்தேன். அன்று இரவே அக்காவிடம் சண்டைக்குப் போனேன். பெற்ற பிள்ளையிடம் சொல்லாததை உங்களிடம் ஏன் சொன்னாள் என்று கேட்டேன். “உன்கிட்ட சொன்னா நீ அழுவே. பொறவு அவங்க உன்னைய சமாதானப்படுத்தணும். நான் யாரோதானே” என்றார். கோபத்தில் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த மாதமும் அம்மா அவருக்கு நாள் தவறாமல் ஃபோன் பண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

அக்கா இறந்த செய்தியை அம்மாவிடம் சொன்னதும் நான் பயந்தபடியே ஆயிற்று. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “இனி நான் யார்ட்ட சொல்லுவேன்?” என்றாள். அவள் கை அப்போது என் கைக்குள்தான் இருந்தது.

பதினாறு கழிந்த மறுநாள், படப்பிடிப்புச் சாமான்களோடு கிடந்த முக்காலியை எடுத்துவந்து அம்மாவின் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தேன். கேமரா இல்லை. முட்டி தாடையில் இடித்தது. அம்மா மேலிருந்து என்னைப் பார்த்தாள். எனக்குச் சொந்தமாக ஒரு கேள்வியும் வரவில்லை. “ரயிலடியில இருந்து வந்த அன்னைக்கு வீட்டுல என்னம்மா சமைச்ச?” என்று அக்காவின் அடுப்புக் கேள்வியையே கேட்டேன்.

“நீ அழுவே மக்கா.”

“இல்லம்மா, சொல்லு.”

“நான் எங்க சமைச்சேன்? அழுதுட்டே கிடந்தேன். கைக்கட்டோட அவுகதான் கஞ்சி வச்சாக. உப்பு போட மறந்துட்டாக. நானும் ஒண்ணும் சொல்லல்ல, குடிச்சிட்டேன்.”

அழாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இது படத்தில் கிடையாது. அக்காவிடம்கூடச் சொன்னதில்லை என்றாள் அம்மா. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த முக்காலியும் அந்தக் கேள்வியும். அந்த உப்பில்லாத கஞ்சி மட்டும் என்னுடையது. எங்கே இருந்தாலும் பகவதி அக்கா கொஞ்சம் பொறாமைப்படட்டும்.