பாஸ்குக்குப் பிறகும் சுத்தபோசனம்

நாற்பது நாள் தவசு காலம் தொடங்கினால் அந்தத் தெருவில் எல்லார் முகமும் சுண்டிப்போகும். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு கோயிலிலிருந்து திரும்பும்போதே, சாமி உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு இன்னும் எத்தனை ஞாயிறு என்று ஆண்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அதுவரை சுத்தபோசனம். கறி கூடாது, எலும்புச் சாறு கூடாது, கூரை விளிம்பில் கயிற்றில் தொங்கும் உப்புக்கண்டத்தின் பக்கம் கண்ணைத் திருப்பவும் கூடாது. சவுரியம்மாள் ஒருத்திதான் அந்த நாட்களுக்காக வருஷம் முழுவதும் காத்திருப்பாள். அவளுக்குப் பக்தி அதிகம் என்று பங்குச் சாமியார் நினைத்தார். அது இல்லை. அந்த நாட்களில்தான் அவள் புருஷன் அருளப்பனுடைய கை முழுதாக மூடும்.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையில், நசீர் அகமது சாயபுவின் தோல் ஷாப்பில் அருளப்பனுக்கு வேலை. சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் உதிர்ந்த தோலைச் சாய்வான மரக்கட்டையின் மேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் உட்புறத்துச் சதையை வழித்தெடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தோல் கிழிந்துவிடும். அழுத்தாவிட்டால் சதை நின்றுவிடும், பிறகு அந்த இடத்தில் தோலைப் பதப்படுத்தும் பட்டைச் சாறு இறங்காது. அந்தக் கத்தியைப் பிடிக்கிறவனைச் சாயபு பேர் சொல்லிக் கூப்பிடுவார். கத்தி போய்விட்டால் அவன் ஆவாரம்பட்டை இடிக்கிற கூட்டத்தில் ஒருவன், அவ்வளவுதான்.

நோய் முதலில் கால் கட்டைவிரலில் வந்தது. போர்வை பட்டாலே துடிப்பான். பிறகு விரல் முட்டிகளுக்கு ஏறியது. காலையில் எழுந்திருக்கும்போது விரல்கள் பாதி மடங்கியபடி விறைத்துக் கிடக்கும். சவுரியம்மாள் வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி, குழந்தையின் பிடியிலிருந்து எதையோ வாங்குகிறவள் மாதிரி, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிடுவாள். கை வழிக்கு வந்த பிறகுதான் அவன் வேலைக்குக் கிளம்புவான். சில நாள் வராது. அந்த நாட்களில் மேஸ்திரியிடம் காய்ச்சல் என்று சொல்லி அனுப்புவாள்.

வேலூருக்குப் போய் ஆஸ்பத்திரியிலும் காட்டினார்கள். ரத்தத்தில் ஒரு உப்பு சேர்ந்து மூட்டுகளில் தங்குகிறது, ஈரலும் குடலும் அதை வளர்க்கும், கறியை நிறுத்திப் பார் என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியெல்லாம் அருளப்பன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அந்தத் தெருவில் மலிவாகக் கிடைப்பதே ஈரலும் குடலும்தான். நாள் முழுக்கக் கட்டையின் மேல் குனிந்து நிற்கிறவனுக்கு அதை விட்டால் வேறு எதில் பலம் வரும்?

ஆனால் சவுரியம்மாள் கவனிக்கத் தொடங்கிவிட்டாள். தவசு காலத்தில் பாதி கழிந்ததும் விரல்கள் தாமாகவே பிரிந்தன. பாஸ்கு விருந்து முடிந்த இரண்டொரு வாரத்தில் மறுபடி மடங்கின. அடுத்த வருஷமும் அப்படியே. கருவாடு தின்னலாம் என்று கோயிலே விட்டிருந்தும், கருவாட்டுக் குழம்பு வைத்த மறுநாள் கட்டைவிரல் சிவந்ததை அவள் பார்த்தாள். அதையும் நிறுத்தினாள். மூன்றாம் வருஷம் பாஸ்கு ஞாயிறன்று தெரு முழுக்கத் தாளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, அவள் வீட்டில் மட்டும் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் கொள்ளுக் கடைசலும் இருந்தன.

அருளப்பன் தட்டைப் பார்த்தான்.

"இன்னாம்மே இது? சாமி உயிர்த்தது உனக்குத் தெரியாதா?"

"கையை மூடு பாக்கலாம்."

அவன் மூடினான். விரல் நுனிகள் உள்ளங்கையில் போய்ப் பதிந்தன. கொஞ்ச நேரம் முஷ்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, களியைப் பிட்டுக் கீரையில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

அப்படித்தான் தொடங்கியது. முதல் சில மாதம் அவன் பசி பசி என்று அலைந்தான். அவள் வேர்க்கடலையை வேகவைத்து துணியில் முடிந்து கொடுத்தனுப்புவாள். மொச்சை, கத்தரிக்காய், சுரைக்காய், வரப்போரத்துப் பொன்னாங்கண்ணி என்று எது கிடைத்ததோ அதைப் பொங்கினாள். மெல்ல மெல்ல உடம்பு அதற்குப் பழகிற்று. வயிற்றில் இருந்த கனம் போயிற்று. ராத்திரி முனகாமல் தூங்கினான். காலையில் வெந்நீர்த் துணி தேவைப்படவில்லை. நொண்டாமல் ஆற்றங்கரை வழியே வேலைக்கு நடந்தான். இரண்டு வருஷம் கத்தி அவன் கையில் ஆடாமல் நின்றது.

தெரு அதைச் சும்மா விடவில்லை. முதலில் கேலிதான் செய்தார்கள். அவன் தங்கை செல்லம்மாள் தண்ணீர்ப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "அண்ணி, எங்க அண்ணனுக்குப் பூணூல் எப்ப?" என்று கேட்பாள். நூல் எடுத்துவரக் குடியாத்தத்துக்கு ஆள் போயிருக்கிறது என்று அருளப்பன் உள்ளேயிருந்து சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. இரண்டாம் வருஷம் திருப்பத்தூர்ப் பக்கமிருந்து சீர்திருத்தம் பேசும் வெள்ளை வேட்டிக்காரர்கள் சிலர் ஞாயிறுதோறும் தெருவுக்கு வரத் தொடங்கினார்கள். மாட்டுக்கறியை விடுங்கள், தினமும் குளியுங்கள், அப்புறம் ஊர் உங்களைச் சேர்த்துக்கொள்ளும் என்றார்கள். தோல் ஷாப்பில் சுண்ணாம்பிலும் அழுகலிலும் நின்றுவிட்டு ஆற்றில் விழுந்து விழுந்து குளிக்கும் ஆண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! வந்தவர்கள் போன பிறகு தெரு குமுறிக்கொண்டிருந்தது. அப்போது எல்லார் கண்ணும் போய் விழுந்தது அருளப்பன் வீட்டுக் கூரைமேல். உப்புக்கண்டம் காயாத கூரை அந்தத் தெருவில் அது ஒன்றுதான்.

என் கை, என் கால் என்று அவன் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தான். டாக்டர் பேரையும் சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது அவன் சொந்தப் பங்காளிகளே பேச்சை மாற்றினார்கள். சாவு வீட்டில் அவனுக்கு மட்டும் யாரும் பீடி நீட்டவில்லை. செல்லம்மாள் ஒருநாள் பானையைக் கீழே வைத்துவிட்டு, சிரிக்காமலே பேசினாள்.

"மாடு துன்றவன்னு ஊரே நம்பள காறித் துப்புது. நீ உட்டுட்ட. அப்போ அவன் துப்பனது சரின்னுதானேண்ணா ஆவுது?"

 அன்று அருளப்பன் தட்டில் பாதிக் களி அப்படியே கிடந்தது.

இதற்கு நடுவில் மகள் பாக்கியத்துக்குப் பேரணாம்பட்டில் இடம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் சின்னப்பனும் தோல் ஷாப்புக்காரன்தான். நிச்சயம் முடிந்து இரு வீட்டாரும் கை நனைக்கும் விருந்து ஞாயிற்றுக்கிழமை சின்னப்பன் வீட்டில். கறி விருந்து. சவுரியம்மாள் முன்கூட்டியே ஆள் அனுப்பி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். சின்னப்பன் நல்ல மனுஷன். வைத்தியர் சொன்னால் கேட்க வேண்டியதுதான், சம்பந்திக்குத் தனியாகப் பருப்பும் கத்தரிக்காயும் வைக்கச் சொல்கிறேன் என்று பதில் சொல்லி அனுப்பினான். சவுரியம்மாளுக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. கை தப்பித்தது என்று நினைத்தாள்.

சனிக்கிழமை மாலை அருளப்பன் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான்.  அவனாகவே சொன்னான்.

ஷாப்பின் கணக்கப்பிள்ளை ஆதிகேசவன் அன்று குழிகளைப் பார்வையிட வந்திருக்கிறார். மூக்கில் துண்டோடு வரப்பில் நின்றவர், அருளப்பனைக் கூப்பிட்டு, நீ கறியை விட்டுவிட்டாயாமே என்று கேட்டிருக்கிறார். இவன் தலையாட்டியிருக்கிறான். அவர் துண்டை எடுத்துவிட்டு, குழியில் நின்றவர்களெல்லாம் கேட்கும்படி, "இப்பதான்டா நீ மனுஷன் ஆன. இவனப் பாத்து நீங்கள்ளாம் கத்துக்கணும்" என்றிருக்கிறார். நிஜமான சந்தோஷத்தோடுதான் சொல்லியிருக்கிறார். வெயிலில் நிற்கிறானே என்று, கூடக் கொண்டுவந்த சொம்பிலிருந்து இவனுக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்திருக்கிறார்.

"எப்படிக் குடுத்தாரு?" என்றாள் சவுரியம்மாள்.

அருளப்பன் எழுந்து நின்றான். வலது கையை உயரத் தூக்கிச் சொம்பு பிடிப்பதுபோல் வைத்து, இடது கையைக் கீழே குவித்துக் காட்டினான். இடையில் அரை ஆள் உயரம் இருந்தது. காட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

குழியில் நின்றவர்கள் தலை குனிந்து வேலையைப் பார்த்தார்களாம். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். அதைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று.

மறுநாள் பேரணாம்பட்டில் பந்தி போட்டார்கள். இரண்டு பக்கத்து உறவும் எதிரெதிராக உட்கார்ந்தது. சின்னப்பன் சொன்ன சொல் மாறாமல் அருளப்பன் முன்னால் பருப்புக் கிண்ணத்தைத் தானே கொண்டுவந்து வைத்தான்.  ஆம்பூரிலிருந்து போன உறவுக்காரர்கள் இலையைப் பார்த்தபடி இருந்தார்கள். அருளப்பன் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"ஈரல் வறுத்திருக்கீங்களா சம்பந்தி?" என்றான் சின்னப்பனிடம்.

பரிமாறிக்கொண்டிருந்த சவுரியம்மாள் கையில் சோற்றுக் கூடையோடு அவன் அருகே வந்து குனிந்தாள். "கை," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"என் கைதானே," என்றான்.

அவள் நகர்ந்து கொடுத்தாள். ஈரல் வந்தது. குடல் வந்தது. அவன் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றான். யாரோ அவன் முதுகில் தட்டினார்கள். பங்காளி ஒருவன் தன் இலையிலிருந்து நல்லி எலும்பை எடுத்து அவன் இலையில் வைத்தான். அண்ணன் திரும்பி வந்துட்டான் என்று செல்லம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு சிரிப்பை அருளப்பன் முகத்தில் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது. சவுரியம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே கட்டைவிரல் வீங்கியது. அவன் நிறுத்தவில்லை. அந்த ஒரு விருந்தோடு முடிந்திருந்தால் அவள் அந்தக் கையை மீட்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தானே போய்க் கறி வாங்கிவந்தான். வீட்டு வாசலில் தட்டை வைத்துக்கொண்டு, போகிறவன் வருகிறவன் எல்லாரும் பார்க்கத் தின்றான். வேண்டாம் என்று அவள் ஒரே ஒரு தரம் சொன்னாள். யார் மாதிரிப் பேசற நீ, கணக்கப்பிள்ளை மாதிரியா என்று கேட்டான்.  வெந்நீர்த் துணி மறுபடி அடுப்படிக்கு வந்தது.

பாக்கியம் புருஷன் வீட்டுக்குப் போனாள். மழைக்காலம் வந்தது. ஈரத்தில் விரல்கள் இரும்பாய் இறுகின. ஒருநாள் கட்டையின் மேல் கத்தி வழுக்கி, நல்ல எருமைத் தோல் ஒன்று நடுவில் கிழிந்தது. சாயபு திட்டவில்லை. அருளப்பனின் கையைத் தன் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேஜார் ஆய்டுச்சே அருளப்பா, கொஞ்ச நாள் பட்டைக் கொட்டகையில் இரு என்றார். கொஞ்ச நாள் என்பது எதற்குச் சொல்வது என்று எல்லாருக்கும் தெரியும். கத்தி வேறொருவன் கைக்குப் போயிற்று. உலக்கை பிடிக்க விரல் முழுதாக மடங்க வேண்டியதில்லை, அது உள்ளங்கைக்குள் கிடந்தால் போதும். முன்பு மனுஷன் ஆகிவிட்டாய் என்ற கணக்கப்பிள்ளை இப்போது அந்தக் கொட்டகையைக் கடந்து போனார், வந்தார். அங்கே இடிக்கிறவர்களில் இவன் யார் என்று அவருக்கு அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அடுத்த தவசு காலம் வந்தது. விரல்கள் கொஞ்சம் பிரிந்தன. ஆனால் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கொக்கிபோல் வளைந்து அப்படியே நின்றுவிட்டன. முட்டிகளில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக ஏதோ திரண்டிருந்தது. அவை இனி நிமிராது என்பதை அவள் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பாஸ்குக்கு முந்திய நாள் அவன் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"இனிமே கறி வேணாம் சவுரி. உலக்கையாவது நிக்கட்டும்." வாசல் பக்கம் பார்த்து, "ஆனா தெருவுக்குத் தெரியக்கூடாது," என்றான்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சவுரியம்மாள் கசாப்புக் கடைக்குப் போய், யாரும் வாங்காத கொழுப்புத் துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி, எல்லார் கண்ணிலும் படும்படி ஓலையில் மடித்து எடுத்துவருவாள். ஒரு அடுப்பில் கீரை வேகும். பக்கத்தில் தணலை இழுத்து விட்டு அதன்மேல் கொழுப்பைப் போடுவாள். அது பொரிந்து, உருகி, புகை கூரை இடுக்கு வழியாக வெளியேறித் தெருவில் இறங்கும். கூரை விளிம்பில் இரண்டு துண்டு உப்புக்கண்டமும் தொங்கவிட்டிருந்தாள். காக்கை கொத்தினால் விரட்டுவாள். மற்றபடி அதை யாரும் தொடுவதில்லை.

பாஸ்கு முடிந்து பல வாரம் கழிந்த ஒரு ஞாயிறு, செல்லம்மாள் வாசலில் வந்து நின்றாள். பானை இடுப்பில் இருந்தது.

"தெருக்கோடி வரைக்கும் மணக்குது அண்ணி. அண்ணன் துன்னுச்சா?"

"துன்னுது," என்றாள் சவுரியம்மாள்.

ஒருக்களித்துச் சாத்திய கதவுக்குப் பின்னால் அருளப்பன் இருட்டில் உட்கார்ந்திருந்தான். வளைந்த விரல்களுக்குள் களி உருண்டை சரியாக நிற்காமல் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. அவன் சத்தமில்லாமல் அதை எடுத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். செல்லம்மாள் போகாமல் அங்கேயே நின்று பேச்சுக் கொடுத்தாள். பாக்கியத்தைப் பற்றி, மழையைப் பற்றி. கொழுப்பு உருகித் தீர்ந்து புகை மெலியத் தொடங்கியது. சவுரியம்மாள் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, ஓலையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்துத் தணலில் போட்டாள்.