கடைசி வரியிலிருந்து படிப்பவர்

கட்டுரைத் தாளைக் கையில் வாங்கியதும் லோசலினே புரட்டிக் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பார். சிவப்புப் பேனாவின் மூடி அப்போது பற்களுக்கிடையில் இருக்கும். பேச்சும் அதன் ஊடாகவே வரும்.

டோங்காவின் தலைநகரான நுக்குஅலோஃபாவின் செவிலியர் கல்லூரியில், வார்டில் செய்ததைத் தானே திரும்பிப் பார்த்து எழுதும் பாடம் அவருடையது. மேலிடம் அதற்கு ஒரு பக்கம் நிறையக் கற்றல் நோக்கங்களை அனுப்பியிருந்தது. அவர் மூன்றை மட்டும் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினார்: நடந்ததைச் சொல். அப்போது என்ன நினைத்தாய், சொல். நாளை எதை மாற்றுவாய், சொல்.

ஆனால் டோங்காவில் அரசர், பிரபுக்கள், போதகர், அவையோர் எல்லோரையும் வணங்காமல் வாய் திறப்பவன் திமிர் பிடித்தவன். அதனால் மாணவர்களின் முதல் பக்கம் முழுக்க வணக்கம். முடிவில், ‘ஆண்டவர் அருளால் எல்லாம் நலமே நடந்தது.’ லோசலினே ஓரத்தில் எழுதுவார்: ‘ஆண்டவர் செய்ததை அவரிடமே கேட்டுக்கொள்கிறேன். நீ என்ன செய்தாய்?’ ‘நன்று’ என்று அவர் எழுதிப் பார்த்தவர் யாரும் இல்லை.

சியோசயா இதில் இரண்டு முறை தவறியவன். இம்முறையும் தவறினால் வார்டுக்குத் திரும்ப முடியாது. பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு, மரியாதைக்காக இடுப்பில் கட்டிய பாய் சரசரக்க, மேசை முன் நின்றான்.

“டேய், நீ வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள நோயாளி குணமாகி வீட்டுக்கே போயிருவாரு!” என்றாள் பின்வரிசை ஃபேஹி.

“உன் வணக்கம் மூணு பக்கம். வாய மூடு,” என்றார் லோசலினே. தாளைப் புரட்டினார்.

‘ரத்தம் எடுக்கப் போனேன். கட்டிலில் இருந்தவர் பிரபு வீட்டுப் பெரியவர். அவரிடம் போய்ப் பெயர் கேட்பதா என்று கேட்காமல் விட்டேன். ஊசியை எடுத்ததும் அவரே, “தம்பி, நீ தேடுவது பக்கத்துக் கட்டில்காரரை” என்றார். மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பயம். நாளை யாராக இருந்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்பேன். அடுத்து பெயர் கேட்பேன்.’

“ஊசி குத்தலையே?”

“இல்ல டீச்சர்.”

“சிஸ்டருக்குத் தெரியுமா?”

“நான்தான் போய்ச் சொன்னேன்.”

“திட்டினாங்களா?”

“செமத்தியா.”

“சரி. திங்கக்கிழமை வார்டுக்குப் போ.”

அவன் விட்ட மூச்சில் மேசைத் தாள்கள் அசைந்தன. ஃபேஹி பெஞ்சைத் தட்டினாள்.

லோசலினே தாளை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். அரசர், பிரபுக்கள், போதகர் என்று ஒவ்வொரு வரியாக, அவசரமில்லாமல் படித்து வந்தார். ‘மதிப்புக்குரிய எங்கள் ஆசிரியை லோசலினே அவர்களுக்கு’ என்ற இடம் வந்ததும், பற்களிலிருந்து மூடியை எடுத்துவிட்டு, லேசாகத் தலை தாழ்த்தினார்.