வெட்டிய ஓரங்கள்

என் அம்மாவின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். குடும்பத்து வீடியோக்களையெல்லாம் மாமா கம்ப்யூட்டரில் எடிட் செய்துகொண்டிருக்கிறார் என்பது உறவில் எல்லோருக்கும் தெரியும். முடித்த வீடியோ ஒன்றைப் பார்த்தவர்கள்தான் யாரும் இல்லை.

ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் வந்து இறங்கியபோது அவர் வீட்டில் காலியாக இருந்தது, கம்ப்யூட்டர் இருந்த சின்ன அறையின் தரை மட்டும்தான். அங்கே படுக்கையை விரித்ததால் அவர் முறைகளைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது.

ஆளுக்கொரு ப்ராஜெக்ட். ஒவ்வொன்றுக்குள்ளும் படம், ஒலி, எழுத்து என்று தனித்தனி ஃபோல்டர். யாரென்று தெரியாத காட்சிகளுக்கு 'சந்தேகம்' என்று ஒன்று. காட்சிகளைக் கோக்கும் டைம்லைனில் அடுக்கடுக்காகக் கிடக்கும் வரிசைகளை அவர் மாடி என்பார். தரைத்தளத்தில் ஒலி, முதல் மாடியில் படம், இரண்டாம் மாடியில் எழுத்து. என் அம்மா சிரிக்கிற காட்சி ஒன்று தவறி இரண்டாம் மாடிக்குப் போய்விட்டதைக் கீழே இறக்க ஒரு பகல் பொழுது ஆனது.

"ஒண்ணையாவது முடிச்சுடலாமே மாமா."

"லிஃப்டை யாராவது முடிப்பாங்களா? சர்வீஸ்தான் பண்ணுவாங்க."

அத்தை ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். வருகிற வெள்ளிக்கிழமையோடு ஓய்வு. அதன் பிறகு துணி ஆல்டர் செய்து கொடுப்பதாக முடிவு செய்திருந்தாள். தையல் மெஷின் நெடுங்காலமாக வராந்தாவில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. வீட்டில் வெளிச்சம் வரும் நல்ல ஜன்னல் ஒன்றே ஒன்று. அது இந்தச் சின்ன அறையில் இருந்தது. திரை கூசுகிறது என்று மாமா அதை அட்டை வைத்து அடைத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை அத்தை டீயைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வராங்க. என்னைப் பத்தி ஒரு படம் போட்டுக் காட்டுங்க. முழுசா, கடைசி வரைக்கும். இல்லேன்னா சனிக்கிழமை இது பரண்ல ஏறுது, மெஷின் இங்க வருது."

"இப்படித் திடீர்னு சொன்னா எப்படி?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து டைம் குடுத்திருக்கேன்."

டீயைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். அவர் இன்னும் குடிக்கவில்லை.

மாமா புது ப்ராஜெக்ட் திறந்தார். அத்தையின் பெயரை வைத்தார். ஃபோல்டர்களை உண்டாக்கினார். தலைப்பெழுத்துக்கு நிறம் தேடுவதில் செவ்வாய்க்கிழமை போயிற்று. புதன்கிழமை காட்சி தேட உட்கார்ந்தார். எல்லா வீடியோவிலும் எல்லோரும் இருந்தார்கள், அத்தை இல்லை. அலமாரிக் கண்ணாடியில் ஒரு முழங்கை மட்டும் கிடைத்தது. அதை அவர் எப்போதோ 'சந்தேக'த்தில் போட்டிருந்தார்.

"இவ எங்க போனா?"

"கேமராவைப் பிடிச்சது யாரு மாமா?"

மௌஸிலிருந்து கையை எடுத்தார். "அவதான். நான் பிடிச்சா எல்லார் தலையும் போயிடும்."

அன்று சாப்பிடும்போது பரணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை நான் சும்மா இருக்காமல் என் அம்மாவின் ப்ராஜெக்ட்டை நோண்டினேன். ஒரு காட்சி வெடுக்கென்று தொடங்கியது. அதன் ஓரத்தைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தேன். இந்த மென்பொருளில் வெட்டியது எதுவும் போய்விடுவதில்லை. உள்பக்கம் மடித்துத் தைத்த துணி மாதிரி இருக்கும், இழுத்தால் வரும். வந்தது அத்தையின் குரல்.

"ஏங்க, கேமராவுல சிவப்பு லைட் எரியலையே. உங்க அக்கா இன்னும் தலை சீவி முடிக்கல. முடிச்சாலும் பெருசா ஒண்ணும் மாறப்போறதில்ல."

மாமா திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "இதெல்லாம் வேஸ்ட்டுன்னு நான்தான் வெட்டினேன்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த காட்சியின் ஓரத்தை அவரே இழுத்தார்.

யாருடைய ப்ராஜெக்ட்டைத் திறந்தாலும் ஓரங்களில் அத்தை இருந்தாள். அவ்வளவையும் அவள் ப்ராஜெக்ட்டில் வரிசையாக அடுக்கினார். இரண்டாம் மாடி வேண்டாமென்று தலைப்பைத் தூக்கிவிட்டார். கடைசியில், முடித்த படத்தை வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பொத்தான் மேல் வந்து நின்றுவிட்டார்.

"அழுத்திட்டா அவ்ளோதானா? அப்புறம் திருத்தணும்னா?"

"ப்ராஜெக்ட் அப்படியே இருக்கும் மாமா. திருத்தி வேற படம் எடுத்துக்கலாம்."

"இத முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்" என்று அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை என் அம்மாவும், சலவைப் பிரிவுக்காரர்கள் சிலரும், கீழ்வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். திரையில் எல்லோரும் சிரிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள், அல்லது சிரித்து முடித்து முகத்தை இறக்கிவைத்தார்கள். அத்தை பேசிக்கொண்டே இருந்தாள். என் அம்மா தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"கீழ்வீட்டுக்காரர் பேச ஆரம்பிச்சிட்டார்" என்றது குரல். "பேட்டரி தீந்துருச்சுன்னு சொல்லிடட்டுமா?"

கீழ்வீட்டுக்காரர் திரும்பினார். "அன்னிக்கு நிஜமாவே தீந்துச்சாம்மா?"

"தீரல" என்றாள் அத்தை.

கடைசிக் காட்சியில் நிறுத்த மறந்த கேமரா மேஜையில் கிடந்து கூரையைப் பார்த்தது. "எல்லாரும் போயாச்சு, உக்காருங்க" என்று குரல் மட்டும் வந்தது. "உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

விளக்கைப் போட்டார்கள்.

"நானா இவ்ளோ பேசினேன்?"

"நான் வெட்டித்தான் வெச்சிருந்தேன்" என்றார் மாமா.

சனிக்கிழமை காலை மெஷின் அறைக்குள் வந்தது. கம்ப்யூட்டர் பரண் ஏறவில்லை, சுவரோரம் நகர்ந்தது. ஜன்னல் அட்டை கழன்றது. திரை கூசுகிறது, மெஷின் சத்தத்தில் ஒலி கேட்கவில்லை என்று மாமா முறையிட்டார். "ஹெட்ஃபோன் மாட்டிக்குங்க" என்றாள் அத்தை. தரையில் எனக்கு இடம் இல்லாமல் போனதால் நான் டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கினேன்.

அன்று மதியம் அவள் தைப்பதை மாமா முதல்முறையாகக் கேமராவில் பிடித்தார். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது, எதிர்பார்த்தபடியே தலை இல்லை. இரண்டு கைகளும் துணியும் ஊசியும் தெளிவாக இருந்தன.

மௌஸ் சற்று நேரம் 'சந்தேகம்' ஃபோல்டரின் மேல் நின்றது. பிறகு அந்தக் காட்சியை 'படம்' ஃபோல்டரில் போட்டார்.